தமிழ் முஸ்லிம் திருமணங்களில் முக்காடு

முக்காடு என்பது தலையையும் அதனையொட்டிய கழுத்து, மார்புப் பகுதிகளையும் மூடும் வண்ணம் பெண்கள் அணியும் துணியைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லாகும். தமிழ் முஸ்லிம் திருமணங்களில் மணமகளும் விருந்தினராக வரும் பெண்களும் பட்டுச் சேலை, லெஹங்கா, ஷராரா, சல்வார் கமீஸ் முதலிய தென்னாசிய விழா உடைகளுடன் முக்காட்டை இணைத்து அணிகின்றனர். முற்காலத்தில் சேலையின் முந்தானையே முக்காடாகப் பயன்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தனித் துணியால் தலையைச் சுற்றிக் கட்டும் ஹிஜாப் முறையும் பரவலாயிற்று. இக்கட்டுரை இவ்வழக்கத்தின் பின்னணியையும் அணியும் முறைகளையும், திருச்சிராப்பள்ளியைச் சிறப்பு எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகின்றது.

சொற்கள்

ஹிஜாப் என்னும் அரபுச் சொல்லுக்குத் திரை, தடுப்பு என்பன நேர்ப்பொருள். இன்றைய வழக்கில் இது தலைத்துணியைக் குறித்தாலும், குர்ஆனில் தலைத்துணிக்கு வழங்கும் சொல் கிமார் என்பதாகும். உடல் முழுவதையும் போர்த்தும் மேலாடை ஜில்பாப் எனப்படுகின்றது. தமிழ் முஸ்லிம்களிடையே பின்வரும் சொற்கள் வழங்குகின்றன.

முக்காடு: முந்தானையாலோ தனித் துணியாலோ தலையை மூடுதல். இச்சொல் சமய வேறுபாடின்றித் தமிழர் அனைவரிடமும் வழங்குவது.

துப்பட்டி: சேலைக்கு மேல் தலை முதல் உடலைச் சுற்றிப் போர்த்தும் நீண்ட துணி. பெரும்பாலும் வெள்ளை நிறத்தது.

மக்கனா: தொழுகையின்போதும் மதரசாவுக்குச் செல்லும்போதும் அணியும் தலைத்துணி. அரபு மொழியிலிருந்து வந்த சொல். மலையாளத்திலும் வழங்குகின்றது.

புர்கா, அபாயா: உடைக்கு மேல் அணியும் தைத்த நீள் அங்கிகள்.

துப்பட்டா: சல்வார் கமீஸ், லெஹங்கா ஆகியவற்றுடன் வரும் தோள் துணி.

சமய அடிப்படை

குர்ஆனின் 24ஆம் அத்தியாயமான அந்நூரின் 31ஆம் வசனம், நம்பிக்கை கொண்ட பெண்கள் தம் தலைத்துணிகளை மார்பின்மீது இட்டுக்கொள்ள வேண்டும் என்கின்றது. 33ஆம் அத்தியாயமான அல்அஹ்ஸாபின் 59ஆம் வசனம் மேலாடையைத் தாழ்த்திக்கொள்வதைப் பற்றிப் பேசுகின்றது. இவ்வசனங்களின் அடிப்படையில், நெருங்கிய உறவினரல்லாத ஆண்களின் முன்னிலையில் முகமும் கைகளும் தவிர மற்றவற்றை மறைத்தல் கடமை என்பது மரபுவழி அறிஞர்களின் பெரும்பான்மைக் கருத்து. முகத்தையும் மறைக்க வேண்டும் என்போரும் உள்ளனர். வசனங்களின் நோக்கம் அடக்கமான தோற்றமே, குறிப்பிட்ட ஒரு துணி வடிவம் அன்று என விளக்கும் தற்கால அறிஞர்களும் உள்ளனர்.

எவ்வகைத் துணி, என்ன நிறம், எப்படிக் கட்ட வேண்டும் என்பனவற்றைச் சமய நூல்கள் வரையறுக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு நாட்டிலும் அந்நாட்டு உடையுடன் இணைந்தே தலைமறைப்பு உருப்பெற்றது. திருமண உடையைப் பொறுத்தவரை மற்றொரு விதியும் கருதத்தக்கது. பட்டும் பொன்னும் ஆண்களுக்கு விலக்கப்பட்டு, பெண்களுக்கு அனுமதிக்கப்பட்டுள்ளன. மணமகள் காஞ்சிபுரம் பட்டு உடுத்துவதற்குத் தடையில்லாதிருக்க, மணமகன் தூய பட்டைத் தவிர்ப்பது இதனாலேயே. குசராத்தில் நெய்யப்பட்ட மஷ்ரூ என்னும் துணியில், உடலில் படும் பக்கம் பருத்தியாகவும் வெளிப்பக்கம் பட்டாகவும் இருக்கும். அனுமதிக்கப்பட்டது என்பதே அப்பெயரின் பொருளாகும்.

வரலாறு

திருச்சிராப்பள்ளிப் பகுதி துணிக்குப் பழங்காலம் முதலே பெயர் பெற்றது. கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளசு என்னும் கிரேக்கக் கடற்பயண நூல், அர்கரு என்னும் உள்நாட்டு ஊரிலிருந்து மெல்லிய பருத்தித் துணிகள் ஏற்றுமதியானதைக் குறிப்பிடுகின்றது. இவ்வூர் சோழர் தலைநகராகிய உறையூரே என்பது அறிஞர் கருத்து. உறையூரின் கைத்தறிப் பருத்திச் சேலைகள் இக்காலத்திலும் அறியப்பட்டவை.

இந்நகரில் இஸ்லாம் பரவியதை மரபு நத்ஹர் வலியுடன் இணைத்துக் கூறுகின்றது. இவர் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படுகின்றார். இவரது தர்கா மலைக்கோட்டைக்கு அண்மையில் உள்ளது. 18ஆம் நூற்றாண்டில் கர்நாடகப் போர்களின்போது திருச்சிராப்பள்ளி நவாபுகளின் முதன்மைக் கோட்டைகளுள் ஒன்றாக விளங்கியது. 1752இல் கொல்லப்பட்ட சந்தா சாகிபும், 1795இல் இறந்த நவாப் முகமது அலி வாலாஜாவும் இத்தர்கா வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். நவாபு ஆட்சியின் விளைவாகத் தமிழ் பேசும் முஸ்லிம்களுடன் தக்கினி உருது பேசுவோரும் நகரில் நிலைபெற்றனர். இவ்விரு மரபுகளும் திருமண உடையில் வெவ்வேறு தடங்களை விட்டுச் சென்றன.

தமிழ் பேசும் இராவுத்தர், மரைக்காயர், லெப்பை முதலிய பிரிவினரிடையே சேலையே பெண்களின் உடையாக இருந்தது. வீட்டினுள் முந்தானையைத் தலையில் இட்டுக்கொண்டனர். வெளியில் செல்கையில் அதற்கு மேல் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்தினர். உருது பேசும் குடும்பங்களில் குர்த்தா, பைஜாமா, நீண்ட துப்பட்டா ஆகியவை மணமகளுக்கு உரியவாயின. ஐதராபாத் மணமகளின் கடா துப்பட்டா ஏறத்தாழ ஆறு கஜம் நீளமுடையது. அது உடலைச் சுற்றிவந்து தலையையும் மூடுவதால், தனித் தலைத்துணிக்கு அங்குத் தேவை இருக்கவில்லை.

முந்தானை முக்காடு பொது வாழ்விலும் காணப்பட்டது. இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக 1989இல் பொறுப்பேற்று, 1997 முதல் 2001 வரை தமிழ்நாட்டு ஆளுநராகவும் இருந்த பாத்திமா பீவி, முந்தானையைத் தலையில் இட்ட சேலைக் கோலத்திலேயே பெரிதும் அறியப்பட்டவர்.

1970களில் எண்ணெய் வளத்தால் வளைகுடா நாடுகளில் வேலைவாய்ப்புப் பெருகியது. தமிழக முஸ்லிம்கள் பலர் அங்குச் சென்று திரும்பியதன் வாயிலாக அபாயாவும் அதனுடன் அணியும் தலைத்துணியும் அறிமுகமாயின. சமயச் சீர்திருத்த இயக்கங்களும், கல்லூரிக்கும் வேலைக்கும் செல்லும் பெண்களின் தொகை கூடியதும் இவ்வுடை பரவக் காரணங்களாயின. வெள்ளைத் துப்பட்டியின் இடத்தைக் கறுப்பு அங்கி பிடித்தது. ஆனால் திருமண மண்டபத்தில் அங்கிக்குள் இருந்த பட்டுச் சேலை மறையவில்லை. சேலைக்கும் தனித் தலைத்துணிக்கும் பொருத்தம் ஏற்படுத்த வேண்டிய தேவை இங்குதான் எழுந்தது.

திருமண நிகழ்வும் உடையும்

இஸ்லாமியத் திருமணம் ஓர் ஒப்பந்தமாகும். மணமகளின் பொறுப்பாளர் (வலி), இரு சாட்சிகள், மணக்கொடை (மஹர்), இரு தரப்பின் சம்மதம் ஆகியவை அதன் கூறுகள். தமிழகத்தில் நிக்காஹ் ஓதப்படும் ஆண்கள் அவையில் மணமகள் பொதுவாக அமர்வதில்லை. அவளிடம் சம்மதம் கேட்டறிந்த பின்னர் அவையில் மணமகன் ஏற்புரைக்கின்றான். அதன்பின் மணமகளுக்குக் கருகமணி அணிவிக்கப்படுகின்றது. மணமகன் வீட்டுப் பெண்களுள் ஒருவர் இதனைக் கட்டுவது பல ஊர்களில் வழக்கம்.

பெண்கள் பகுதி தனியாக இருக்கும் மண்டபத்தில் மணமகள் தலையை முழுமையாக மூட வேண்டிய தேவை சமய நோக்கில் இல்லை. அங்கு முந்தானையைத் தலையில் இடுவது மரியாதை, மங்கலம் என்னும் நோக்கிலேயே ஆகும். ஆண்களும் பெண்களும் கலந்திருக்கும் வரவேற்பு மேடை, ஒளிப்படம், காணொளி ஆகியவை வந்த பின்னரே, நாள் முழுவதும் நழுவாத தலைமறைப்பு வேண்டப்பட்டது. ஒரு மணமகளுக்கு எவ்வகை முக்காடு பொருந்தும் என்பது துணியைப் பொறுத்தது மட்டுமன்று. மண்டபத்தின் அமைப்பையும் படம் எடுப்பவர் யார் என்பதையும் பொறுத்தது. பெண் ஒளிப்படக் கலைஞரை அமர்த்தும் குடும்பங்கள் இதற்கு வேறொரு வழியில் தீர்வு காண்கின்றன.

உடை வகைகளும் முக்காடும்

பட்டுச் சேலை

சேலையின் நீளம் ஏறத்தாழ ஐந்தரை மீட்டர். முந்தானை மணமகளின் இடத்தோள் வழியே பின்புறம் தொங்குகின்றது. சரிகை மிகுந்த காஞ்சிபுரம் பட்டில் அதிக எடையுள்ள பகுதி முந்தானையே. அதைத் தலையில் இட்டால் பின்புற எடை துணியைக் கீழ்நோக்கி இழுக்கும். பட்டின் வழவழப்பும் சேர்ந்து முக்காட்டை நழுவச் செய்கின்றது. இதற்கு மூன்று வகைத் தீர்வுகள் உள்ளன.

முதலாவது, முந்தானையையே முக்காடாக்கும் பழைய முறை. முந்தானையைச் சற்று நீளமாக விட்டு, தோளில் ஓரிடத்திலும் உச்சந்தலையில் ஓரிடத்திலும் ஊக்கினால் பொருத்துவர். இவ்விரு இடங்களுக்கும் நடுவே துணி தளர்வாக இருத்தல் வேண்டும். இல்லையேல் தலையைத் திருப்பும்போது தோள் மடிப்பு கலையும். இம்முறையில் முன்முடியும் கழுத்தும் ஓரளவு தெரியும்.

இரண்டாவது, தனித் தலைத்துணி. சேலையின் நிறத்திலோ கரையின் நிறத்திலோ உள்ள மெல்லிய துணியால் தலையையும் கழுத்தையும் சுற்றி, முந்தானையை வழக்கம்போல் தோளில் விடுவர். முந்தானையின் வேலைப்பாடு முழுதும் தெரியும் என்பது இதன் நன்மை.

மூன்றாவது, இரண்டும் இணைந்த முறை. தலைத்துணியை முதலில் கட்டி அதன்மேல் முந்தானையையோ தனியான வலைத்துணியையோ இடுவர். உள்ளிருக்கும் தலைத்துணி பட்டுக்குப் பிடிப்புத் தருவதால் நழுவுதல் குறைகின்றது. மணமகள் கோலத்தில் இம்முறை மிகுதியாகக் காணப்படுகின்றது.

லெஹங்கா, ஷராரா, கராரா

லெஹங்கா நீண்ட பாவாடையும் மேற்சட்டையும் கொண்டது. ஷராராவும் கராராவும் அகன்ற கால்களையுடைய கீழாடைகள். கராரா முழங்காலருகே மடிப்பு வைத்துத் தைக்கப்படுவது. அவத் பகுதியுடன் தொடர்புடையது. இவற்றுடன் வரும் துப்பட்டா ஏறத்தாழ இரண்டரை மீட்டர் நீளமுடையது. ஆயினும் கல்லும் மணியும் பதித்த துப்பட்டா கழுத்தைச் சுற்றுவதற்கு ஏற்றதன்று. உறுத்தும், எடையும் மிகுதி. எனவே எளிய துணியால் தலையைச் சுற்றிய பின், துப்பட்டாவைத் தலைமீது மேற்திரையாக இடுவர். லெஹங்காவின் மேற்சட்டை குட்டையாக இருப்பின் இடுப்பை மறைக்கும் நீளத்திற்குத் தைத்துக்கொள்வதும் வழக்கம்.

சல்வார் கமீஸ், அனார்கலி

விருந்தினராகச் செல்லும் இளம்பெண்களிடையே இவை மிகுதி. நீண்ட கைகளும் உயர்ந்த கழுத்தும் உடையிலேயே அமைந்துவிடுவதால் தலைத்துணி மட்டுமே கூடுதலாகத் தேவைப்படுகின்றது.

அணியும் முறை

அடித்துணி

தலைத்துணிக்கு உள்ளே பருத்தியாலோ மெல்லிய பின்னல் துணியாலோ ஆன உட்தொப்பி அணியப்படுகின்றது. இது முடி வெளிவராமல் காக்கின்றது. வழுக்கும் துணிக்குப் பிடிப்பும் தருகின்றது. ஒளிப்படக் கருவியின் மின்னொளி மெல்லிய துணியை ஊடுருவும் ஆதலால், உட்தொப்பி தலைத்துணியின் நிறத்திலேயே இருத்தல் நன்று.

துணித் தெரிவு

ஷிஃபான், ஜார்ஜெட்: மெல்லியவை, அழகாக விழுபவை. உட்தொப்பியின்றி நில்லா.

சாட்டின்: பளபளப்பு மிக்கது. விளக்கொளியைத் திருப்பி அனுப்புவதால் படங்களில் முகத்தைவிட மேலோங்கித் தோன்றக்கூடும். வழுக்கும் தன்மையும் அதிகம்.

பருத்தி, வாயில்: வியர்வையை உறிஞ்சுபவை, நழுவாதவை. ஆனால் பட்டுச் சேலையுடன் சற்று எளிமையாகத் தோன்றும்.

கிரேப்: பட்டின் தோற்றத்தையும் பருத்தியின் பிடிப்பையும் ஓரளவு ஒருங்கே கொண்டது.

நீள்துணியின் பொதுவான அளவு ஏறத்தாழ 180 செ.மீ. நீளமும் 70 செ.மீ. அகலமும் ஆகும். சேலையுடன் இணைந்து வரும் ரவிக்கைத் துணி 80 செ.மீ. அளவே இருப்பதால் அதனைக் கொண்டு தலைத்துணி அமைக்க இயலாது. எனவே நிறம் ஒத்த துணியைத் தனியே வாங்குகின்றனர்.

நிறத் தெரிவில் ஒரு பொதுவழக்கு உண்டு. சேலையில் வேலைப்பாடு மிகுதியாயின் தலைத்துணி வேலைப்பாடின்றி இருத்தல் வேண்டும். சேலை எளிமையாயின் தலைத்துணியின் ஓரத்தில் சரிகை இருக்கலாம்.

வரிசைமுறை

1. முடியை வாரிப் பிடரியில் தாழ்வாகக் கொண்டையிடுதல். உச்சிக் கொண்டை துணியை முன்னோக்கித் தள்ளும்.

2. முகஒப்பனையை முடித்தல். துணியைக் கட்டிய பின் ஒப்பனை செய்தால் கறை படியும்.

3. உட்தொப்பி அணிந்து, காதணியையும் கழுத்தணியையும் உள்ளே அணிவதா வெளியே அணிவதா எனத் தீர்மானித்தல்.

4. துணியின் முனைகளைச் சேலைக்குள் செருகுவதாயின், முந்தானையைத் தோளில் பொருத்துவதற்கு முன்பே தலைத்துணியைக் கட்டுதல். முனைகளை வெளியே விடுவதாயின் சேலை உடுத்தி முடித்த பின் கட்டுதல்.

5. ஒரு பக்கத்தைக் குட்டையாகவும் மறுபக்கத்தை நீளமாகவும் விட்டு, தாடைக்குக் கீழே பொருத்தி, நீண்ட பக்கத்தைத் தலையைச் சுற்றிக் கொண்டுவந்து காதுக்கு மேல் முடித்தல்.

6. வாயைத் திறந்தும் தலையை இருபுறமும் திருப்பியும் பார்த்து இறுக்கத்தைச் சரிசெய்தல். விருந்தில் உண்ணவும் பேசவும் இது இன்றியமையாதது.

ரவிக்கை

சேலையுடன் முழுமையான மறைப்பை நாடுவோர் தலைத்துணியைவிட ரவிக்கையிலேயே முதலில் கருத்தூன்ற வேண்டியுள்ளது. மணிக்கட்டு வரை நீண்ட கை, உயர்ந்த முதுகுக் கழுத்து, இடுப்பை மூடும் நீளம் ஆகிய மூன்றும் தையலின்போதே சொல்லப்பட வேண்டியவை. சேலையுடன் வரும் ரவிக்கைத் துணி நீண்ட கைக்குப் போதாமற் போவதுண்டு. அந்நிலையில் முழங்கைக்குக் கீழே ஒத்த நிறத்தில் வேறு துணியை இணைத்துத் தைப்பர். ரவிக்கைக்கு உள்ளே உடலை ஒட்டிய முழுக்கைப் பனியன் அணிவது மற்றொரு வழி. கோடையில் இது வெப்பத்தைக் கூட்டும்.

நகையும் பூவும்

நெற்றிச்சுட்டி, காதணி, மாட்டல், கழுத்தாரம் ஆகியவை தலையோடும் முடியோடும் இணைந்தவை. தலைத்துணி அணியும்போது இவற்றைப் பொருத்தும் இடம் மாறுகின்றது. நெற்றிச்சுட்டியின் கொக்கி முடிக்குப் பதில் துணியில் மாட்டப்படுகின்றது. எடை மிகுந்த சுட்டி மெல்லிய துணியை இழுத்துவிடும் ஆதலால், உட்தொப்பியையும் சேர்த்துத் தையலிட்டுப் பொருத்துவர். உருது பேசுவோர் மரபில் தலையின் ஒரு பக்கம் அணியும் ஜூமர் என்னும் அணி, தலைத்துணியுடன் நன்கு பொருந்துவதால் பிறரிடமும் பரவியுள்ளது. ஆரங்களுள் நீண்டவை மட்டும் துணிக்கு வெளியே தெரியும்படி அணியப்படும். கருகமணியை உள்ளே அணிவதும் வெளியே அணிவதும் குடும்ப வழக்கைப் பொறுத்தவை.

மல்லிகை தமிழ்த் திருமணங்கள் அனைத்திற்கும் பொதுவானது. முடி மறைந்திருக்கும் நிலையில் பூச்சரத்தைக் கொண்டையின் வடிவைச் சுற்றித் துணியின் மேல் பொருத்துகின்றனர். சரத்தை நேரடியாகக் குத்தினால் துணியில் ஈரக்கறை படியும். வாழைநாரில் தொடுத்த சரத்தின் இரு முனைகளிலும் மட்டும் ஊக்கிட்டு, நடுவில் ஓரிரு தையல் போடுவது நல்லது. உருது பேசும் குடும்பங்களில் முகத்தின் முன் தொங்கும் செஹ்ரா என்னும் பூத்திரையும் வழங்குகின்றது.

தொழுகையும் ஒளுவும்

திருமண நாளிலும் தொழுகை வேளைகள் மாறுவதில்லை. தொழுகைக்கு முன் செய்யும் ஒளு என்னும் தூய்மைச் சடங்கில் முகத்தையும் கைகளையும் கால்களையும் கழுவி, ஈரக்கையால் தலையைத் தடவ வேண்டும். இராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி நெறியையும், மரைக்காயர்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ நெறியையும் பின்பற்றுவோர். ஹனஃபி நெறியில் தலையின் கால்பகுதியைத் தடவுதல் கடமை. ஷாஃபிஈ நெறியில் சிறு பகுதியைத் தடவினாலும் போதும். எவ்வாறாயினும் துணியைத் தளர்த்தியே ஆக வேண்டும். ஆகவே மிகுதியான ஊசிகளால் கட்டப்பட்டு, அவிழ்த்தால் மீண்டும் கட்ட இயலாத முக்காடு, எந்தச் சமய நோக்கில் அணியப்படுகின்றதோ அதற்கே இடையூறாகின்றது. மண்டபத்திற்குச் செல்லுமுன் ஒளு செய்துகொள்வதும், நான்கைந்து ஊக்குகளில் முடியும் கட்டைத் தெரிவு செய்வதும் நடைமுறைத் தீர்வுகள்.

பாதுகாப்பு

தலைத்துணியைக் கட்டும்போது குண்டூசிகளைப் பற்களுக்கிடையே கவ்விக்கொள்ளும் பழக்கம் தீங்கானது. பேசும்போதோ சிரிக்கும்போதோ இருமும்போதோ ஊசி மூச்சுக்குழாய்க்குள் சென்றுவிடக்கூடும். துருக்கி, எகிப்து முதலிய நாடுகளின் மருத்துவ இதழ்களில் இத்தகைய நிகழ்வுகள், குறிப்பாக இளம்பெண்களிடம், பலமுறை பதிவாகியுள்ளன. ஊசி உள்ளே சென்றால் உள்நோக்கிக் கருவி மூலம் மருத்துவர் அதனை எடுக்க வேண்டியிருக்கும். திருமண வீட்டில் பலர் ஒரே வேளையில் விரைந்து அலங்கரிக்கும்போது இவ்விடர் கூடுகின்றது. ஊசிகளை ஒரு பஞ்சுத் திண்டில் குத்தி வைப்பதும், தலையுள்ள குண்டூசிக்குப் பதில் மூடும் ஊக்கைப் பயன்படுத்துவதும் பாதுகாப்பானவை. காந்த ஊக்குகள் துணியைக் கிழிப்பதில்லை. ஆனால் சிறு குழந்தைகள் அவற்றை விழுங்கும் ஆபத்து உண்டு.

முடியை நீண்ட நேரம் இறுக்கி இழுத்துக் கட்டுவதால் நெற்றியோரத்தில் முடி உதிரலாம். இறுக்கமான கொண்டையும் இறுக்கமான உட்தொப்பியும் சேரும்போது தலைவலியும் உண்டாகும். ஏப்ரல், மே மாதங்களில் திருச்சிராப்பள்ளியின் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டுவதுண்டு. பட்டுச் சேலை, முழுக்கை ரவிக்கை, இரட்டைத் தலைத்துணி ஆகியவற்றுடன் பல மணிநேரம் மேடையில் அமரும் மணமகளுக்குப் போதிய நீர் கொடுப்பதும், இடையில் காற்றோட்டமான அறையில் முக்காட்டைத் தளர்த்தி ஓய்வெடுக்கச் செய்வதும் தேவையானவை.

திருச்சிராப்பள்ளிக் கடைத்தெரு

காந்தி மார்க்கெட் 1868இல் தோன்றி, 1927இல் விரிவாக்கப்பட்டு, காந்தியடிகளின் பெயரைப் பெற்றது. காய்கனிகளுடன் பூ வணிகத்திற்கும் இது பெயர் பெற்றது. திருவரங்கம் வட்டத்துச் சிற்றூர்களில் விளையும் மல்லிகை இப்பகுதிச் சந்தைகளுக்கு வருகின்றது. திருவரங்கத்தில் சாத்தார வீதியிலும் பூச்சந்தை உண்டு. இந்து முகூர்த்த நாட்களில் மல்லிகை விலை ஏறுவது இயல்பு. முஸ்லிம் திருமணங்களுக்கு முகூர்த்தக் கணக்கு இல்லாதபோதிலும், மண்டபமும் விடுமுறையும் ஞாயிற்றுக்கிழமையை நோக்கித் தள்ளுவதால் இரு சமயத்தாரும் ஒரே பூவுக்கு ஒரே நாளில் போட்டியிடுவதும் நிகழ்கின்றது. ரமலான் மாதத்தில் திருமணங்கள் பொதுவாக நடைபெறுவதில்லை.

சந்தையிலிருந்து மலைக்கோட்டை நோக்கிச் செல்லும் பெரிய கடை வீதி, நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் சாலை, சிங்காரத்தோப்பு ஆகிய பகுதிகள் துணியும் நகையும் விற்கும் கடைத்தெருக்கள். முஸ்லிம் மணமகளின் உடை ஒரே கடையில் முடிவதில்லை. பட்டு ஓரிடத்திலும், நிறம் ஒத்த துணி மேட்சிங் சென்டர் எனப்படும் ரவிக்கைத் துணிக் கடையிலும், ஊக்கும் உட்தொப்பியும் வளையல், சாந்து விற்கும் கடையிலும் வாங்கப்படுகின்றன. தலைத்துணி வாங்கச் செல்வோர் சேலையையோ அதன் ஒரு துண்டையோ உடன் எடுத்துச் சென்று பகல் வெளிச்சத்தில் நிறம் பார்ப்பர். கடை விளக்கில் ஒன்றாகத் தோன்றும் இரு சிவப்புகள் வெயிலில் வேறுபடும்.

பிற சமூகங்களுடன் ஒப்பீடு

மணமகளின் தலையை மூடுவது முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதன்று. தமிழ்க் கிறித்தவ மணமகள் வெள்ளை அல்லது வெளிர்நிறப் பட்டுச் சேலையுடன் வலைத்திரை அணிகின்றாள். கத்தோலிக்கர் மிகுதியாக வாழும் திருச்சிராப்பள்ளியில் இது அன்றாடக் காட்சி. சேலையின் தோள் மடிப்பைக் கலைக்காமல் திரையைத் தலையில் நிறுத்துதல் என்னும் சிக்கல் இரு மணமகளுக்கும் ஒன்றே. வட இந்திய இந்துப் பெண்களின் கூங்கட் வழக்கமும் முந்தானையால் தலையை மூடுவதே.

உடை சமய எல்லையைக் கடந்ததற்குத் திருவரங்கம் அரங்கநாதர் கோயிலில் ஒரு சான்று உண்டு. அங்குள்ள துலுக்க நாச்சியார் சன்னதி, அரங்கன்மீது காதல் கொண்ட ஒரு சுல்தானின் மகளுக்கு உரியதாக மரபுக்கதை கூறுகின்றது. அவரது ஓவியத்தின் முன் ரொட்டி படைக்கப்படுகின்றது. அவர் பொருட்டு அரங்கநாதருக்குக் கைலி சாத்தும் வழக்கமும் உண்டு.

இலங்கைச் சோனகப் பெண்களும் நெடுங்காலம் சேலை முந்தானையையே முக்காடாக இட்டனர். 1980களுக்குப் பின் அங்கும் அபாயா பரவியது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின் இலங்கை அரசு முகத்தை மூடும் ஆடைகளைத் தடை செய்தது. மலேசியா, சிங்கப்பூர்த் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் மலாய்ப் பெண்கள் அணியும் தூடோங் என்னும் தலைத்துணி, தமிழகப் பட்டுச் சேலையுடன் சேர்ந்துகொண்டது.

கருத்து வேறுபாடுகள்

இவ்வழக்கம் பற்றி முஸ்லிம் சமூகத்தினுள் ஒன்றுக்கொன்று மாறுபட்ட கருத்துகள் நிலவுகின்றன.

உடலை ஒட்டிய பளபளப்பான உடையும் கண்ணைக் கவரும் தலைத்துணியும் அடக்கம் என்னும் நோக்கத்திற்கு முரணானவை என்பது சமய அறிஞர் சிலரின் குறை. திருமணம் மகிழ்ச்சிக்குரிய நாள். அழகும் அடக்கமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பது மற்றொரு தரப்பு. தனித் தலைத்துணி வந்தபின் முந்தானை முக்காடு குறைவுடையதாகப் பார்க்கப்படுகின்றது என்றும், பாட்டிமார் தலைமுறையின் அடக்கம் ஐயத்திற்குள்ளாக்கப்படுகின்றது என்றும் வருந்துவோர் உண்டு. தனித் துணியே கைகளுக்கு விடுதலை தந்தது, நழுவும் முந்தானையை நாள் முழுதும் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை என்பது இளந்தலைமுறையினர் பலரின் விடை.

திருச்சிராப்பள்ளி மாவட்டத் துவரங்குறிச்சியைச் சேர்ந்த கவிஞர் சல்மா, 2004இல் வெளிவந்த இரண்டாம் ஜாமங்களின் கதை என்னும் புதினத்தில், தமிழ் முஸ்லிம் பெண்களின் வீட்டு வாழ்வையும் திருமணக் கட்டுப்பாடுகளையும் உள்ளிருந்து சித்திரித்தார். உடை பற்றிய உரையாடலில் அதனை உடுத்தும் பெண்ணின் விருப்பம் எவ்வளவு கேட்கப்படுகின்றது என்னும் கேள்வியை இத்தகைய எழுத்துகள் முன்னிறுத்தின.

நாட்டளவில் இக்கேள்வி கல்விக்கூடங்களைச் சார்ந்து எழுந்தது. கருநாடகக் கல்லூரிகளில் ஹிஜாபுக்கு விதிக்கப்பட்ட தடையை அம்மாநில உயர் நீதிமன்றம் 2022 மார்ச் 15 அன்று உறுதி செய்தது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் 2022 அக்டோபர் 13 அன்று மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கினர். ஒருவர் தடையை ஏற்க, மற்றவர் அது மாணவியின் தெரிவு என்றும் கல்வியே முதன்மையானது என்றும் கருதினார். திருமண மண்டபம் இத்தகைய சட்டங்களுக்கு உட்பட்டதன்று. ஆயினும் வற்புறுத்தி அணிவிப்பதும் வற்புறுத்திக் களைவதும் ஒருசேர மறுக்கப்பட வேண்டியவை என்னும் கருத்து இரு களத்திற்கும் பொருந்துகின்றது. இஸ்லாமியத் திருமணத்தில் மணமகளின் சம்மதம் இன்றியமையாதது. அவளது உடையைத் தெரிவு செய்கையிலும் அச்சம்மதத்தைக் கேட்பது அம்மரபோடு இயைந்ததேயாகும்.

இவற்றையும் பார்க்க

தமிழ் முஸ்லிம்கள்
நிக்காஹ்
சேலை
காஞ்சிபுரம் பட்டு
உறையூர்
காந்தி மார்க்கெட், திருச்சிராப்பள்ளி
துலுக்க நாச்சியார்